பாலியற் சிறுபான்மையினரும் சர்வதேச மீளாய்வும்: இரு கருத்துரைகள் பற்றிய ஒரு விமரிசன நோக்கு

1

சட்ட ஆவணங்களைத் திறனாய்வுக்குரிய பனுவல்களாகக் கொள்ளும் வழக்கம் தமிழில் அருகியே காணப்படுகின்றது. கவிதையிலும் நாவலிலும் ஒரு சொல் ஏன் ஆளப்பட்டது, வேறொரு சொல் ஏன் தவிர்க்கப்பட்டது என வினவும் வாசகர், தீர்ப்பொன்றையோ உடன்படிக்கையொன்றையோ படிக்கும்போது அதன் முடிவினை அறிவதோடு அமைந்துவிடுவதுண்டு. ஆயின், சட்டத்திற் சொல்லே செயலாகின்றது. மனிதரொருவர் எந்தச் சொல்லின்கீழ் உரிமையுடையவராக ஏற்றுக்கொள்ளப்படுகின்றாரோ, அச்சொல்லின் எல்லையே அவரது உரிமையின் எல்லையுமாகின்றது. ஒருபால் விருப்புடையோர், இருபால் விருப்புடையோர், திருநர், இடைப்பாலினர் ஆகியோருக்கு அரசுகள் அளிக்கும் பாதுகாப்பினைச் சர்வதேச மனித உரிமை அமைப்புகள் மீளாய்வு செய்துவந்த வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

இம்மீளாய்வு இருவகைப்பட்டது. ஒன்று, அரசுகள் ஒன்றையொன்று வினவும் அரசியல் மீளாய்வு. 2006 இல் நிறுவப்பட்ட ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் பேரவை 2008 முதல் நடாத்திவரும் உலகளாவிய காலாந்தர மீளாய்வு இவ்வகையினது. மற்றையது, உடன்படிக்கைகளின்கீழ் அமைந்த நிபுணர் குழுக்கள் மேற்கொள்வது. நாடுகளின் அறிக்கைகளைப் பரிசீலிப்பதோடு, தனியாட்களின் முறைப்பாடுகளை ஆராய்ந்து கருத்துரை வழங்குவதும் இக்குழுக்களின் பணியாகும். முன்னையதன் மொழி இராசதந்திர மொழி. அங்கு ஒரு விதப்புரை ‘ஆதரிக்கப்படும்’, அல்லது ‘குறித்துக்கொள்ளப்படும்’. குறித்துக்கொள்ளுதல் என்பது பெரும்பாலும் மறுத்தலின் மரியாதையான வடிவமே. பின்னையதன் மொழி நியாயம் கூறும் மொழி. காரணம் கூறாது அது முடிவுக்கு வர இயலாது. ஆதலின் விமரிசனத்துக்கு ஏற்றதும் அதுவே. 1994 இல் அவுஸ்திரேலியா தொடர்பாகவும் 2022 இல் இலங்கை தொடர்பாகவும் வழங்கப்பட்ட இரு கருத்துரைகளை ஒப்புநோக்குவது, இவ்விடயத்திற் சர்வதேசச் சிந்தனை கடந்துவந்த தூரத்தையும் இன்னும் கடக்கவேண்டிய தூரத்தையும் ஒருங்கே புலப்படுத்தும்.

2

அவுஸ்திரேலியாவின் மாநிலங்களுள் ஒன்றாகிய தஸ்மேனியாவின் குற்றவியற் சட்டக்கோவை, வயதுவந்த இரு ஆடவர் மனமொத்துத் தனிமையிற் கொள்ளும் பாலுறவினைக் குற்றமாகக் கொண்டிருந்தது. அச்சட்டத்தின்கீழ்ப் பல்லாண்டுகளாக எவர்மீதும் வழக்குத் தொடுக்கப்படவில்லை. ஆயினும் அது ஏட்டில் இருந்தது. தனியாள் முறைப்பாடுகளுக்கு வழிசெய்யும் மேலதிக உடன்படிக்கை அவுஸ்திரேலியாவைப் பொறுத்தவரை நடைமுறைக்கு வந்த நாள் 1991 டிசம்பர் 25 ஆகும். அதே திகதியிட்ட முறைப்பாட்டினை, குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின்கீழ் அமைந்த மனித உரிமைக் குழுவுக்கு நிக்கலஸ் டூனன் என்னும் தஸ்மேனியர் அனுப்பினார்.

1994 மார்ச் 31 இல் வழங்கப்பட்ட கருத்துரை மூன்று வகையில் முக்கியத்துவமுடையது. முதலாவதாக, வழக்குத் தொடுக்கப்படாத சட்டமும் தீங்கிழைக்கும் என அது ஏற்றுக்கொண்டது. சட்டம் உறங்குகின்றது என்பது, அது எக்கணமும் விழித்தெழலாம் என்ற அச்சத்தில் வாழ்பவருக்கு ஆறுதலாகாது. இரண்டாவதாக, நோய்த்தடுப்பின் பொருட்டே இச்சட்டம் வேண்டும் என்ற தஸ்மேனிய அதிகாரிகளின் வாதத்தினை அது நிராகரித்தது. குற்றமாக்குதல் மக்களை மறைந்து வாழச் செய்து நோய்த்தடுப்பு முயற்சிக்கே இடையூறாகும் எனச் சுட்டிக்காட்டப்பட்டது. மூன்றாவதாக, ஒழுக்கம் என்பது ஒரு நாட்டின் உள்விவகாரம் மாத்திரமே என்ற நிலைப்பாட்டினை அது ஏற்க மறுத்தது. அவ்வாறு ஏற்பின், தனிவாழ்வில் தலையிடும் எண்ணிறந்த சட்டங்கள் சர்வதேசப் பரிசீலனையிலிருந்து தப்பிவிடும் என்பது குழுவின் கருத்தாகும்.

இவ்வளவும் பாராட்டத்தக்கனவே. எனினும் கருத்துரையின் அடித்தளம் எதுவென நோக்குமிடத்து அதன் குறைபாடு தெளிவாகின்றது. உடன்படிக்கையின் 17 ஆம் உறுப்புரை, அதாவது தனிவாழ்வுக்கான உரிமை, மீறப்பட்டது என்பதே குழுவின் முடிபு. சட்டத்தின் முன் யாவரும் சமன் என்னும் 26 ஆம் உறுப்புரை மீறப்பட்டதா என்பதனை ஆராய்வது அவசியமன்று என அது அமைந்துவிட்டது. தனிவாழ்வு என்ற சொல் தரும் பாதுகாப்பு, மூடிய கதவுக்குள்ளே கிடைக்கும் பாதுகாப்பாகும். அறைக்குள் தலையிடாதே என அரசினைத் தடுப்பதோடு அதன் பணி பெரும்பாலும் நிறைவுறுகின்றது. அறையை விட்டு வெளியே வந்து தொழில் செய்யவும், வீடு வாடகைக்குப் பெறவும், பொலிசு நிலையத்தில் முறையிடவும், சங்கம் அமைக்கவும் ஒருவர் முற்படுவாராயின் அச்சொல் அவருக்கு அதிகம் உதவாது. குழுவின் உறுப்பினருள் ஒருவராகிய பெர்ட்டில் வென்னர்கிறென் இதனை உணர்ந்தே தனிக் கருத்தொன்றினை இணைத்தார். சமத்துவமே இம்முறைப்பாட்டின் அடிப்படை என்பது அவரது நிலைப்பாடு. கருத்துரையின் இறுதியில் அமைந்த அச்சில பந்திகள் பிற்காலச் சிந்தனைக்கு வழிகாட்டியவையாகக் கொள்ளத்தக்கன.

இன்னொரு சொல்லும் இங்கு ஆராயத்தக்கது. பாலியல் நாட்டம் என்பது உடன்படிக்கையில் யாண்டும் குறிப்பிடப்படவில்லை. இனம், நிறம், பால், மொழி, சமயம் என நீளும் பட்டியலின் ஈற்றில் ‘வேறு அந்தஸ்து’ என்ற தொடர் உள்ளது. அத்தொடருள் இது அடங்குமா என்பதே அவுஸ்திரேலிய அரசின் வினாவாகும். குழுவோ ‘பால்’ என்னும் சொல்லுள் பாலியல் நாட்டமும் அடங்கும் எனக் கூறி, அதற்கான நியாயத்தை விரித்துரையாது விட்டது.

தமிழிலக்கணம் பயின்றோருக்கு இந்நிலைமை முற்றிலும் புதிதன்று. ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்ச்சொற்களைத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் உயர்திணையுள் வைத்தே பேசுகின்றது. ஆயின், அவற்றுக்கெனத் தனியான ஈறு இல்லை என்றும் உயர்திணைக்குரிய ஏனைய ஈறுகளையே அவை ஏற்கும் என்றும் அது விதிக்கின்றது. மனிதர் என்ற வகுப்பில் இடமுண்டு, தமக்கெனச் சொல்லுருவம் இல்லை. இதனைக் கொண்டு பண்டைத் தமிழர் இன்றைய உரிமைக் கோட்பாட்டினை அறிந்திருந்தனர் எனப் பெருமை பேசுவது வரலாற்று நோக்காகாது. ஆனால் 1966 ஆம் ஆண்டின் உடன்படிக்கை இவர்களுக்கு அளித்த இடமும் இத்தகையதே என்பது மனங்கொள்ளத்தக்கது. வேறொரு சொல்லின் நிழலிலேயே இவர்கள் உள்ளே வந்தனர்.

3

தஸ்மேனியக் கருத்துரை வெளிவந்த மறு ஆண்டிலே இலங்கையில் நிகழ்ந்த ஒரு சட்டத்திருத்தம் இவ்விடத்து நினைவுகூரற்பாலது. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை பிரித்தானியர் இயற்றியது. அதன் 365 ஆம் பிரிவு ‘இயற்கையின் ஒழுங்குக்கு மாறான’ உறவினைப் பத்தாண்டு வரையான சிறைக்குரிய குற்றமாகவும், 365அ பிரிவு ‘பாரதூரமான அநாகரிகச் செயலினை’ ஈராண்டு வரையான சிறைக்குரிய குற்றமாகவும் கொள்கின்றன. இயற்கையின் ஒழுங்கு யாது என்பதனைச் சட்டக்கோவை வரையறுக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நடுத்தர வகுப்பினரின் ஒழுக்கவுணர்வே ‘இயற்கை’ என்னும் பெயரைப் பூண்டு இப்பிரிவுகளுட் புகுந்தது எனலாம். இங்கிலாந்திலும் வேல்சிலும் 1967 இலேயே இத்தகைய சட்டம் தளர்த்தப்பட்டது. குடியேற்ற நாடுகளாயிருந்தவற்றிற் பலவோ அதனைத் தமது பண்பாடாகவே எண்ணிப் பேணிவந்தன.

365அ பிரிவு 1995 வரை ஆடவரை மாத்திரமே சுட்டியது. அவ்வாண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம், ‘ஆண் ஆள்’ என்றிருந்ததனை ‘ஆள்’ என மாற்றியது. பால் வேறுபாட்டினை நீக்கிய இத்திருத்தம் சமத்துவத்தின் தோற்றத்தைக் கொண்டது. விளைவோ, அதுவரை இப்பிரிவுக்கு அப்பாற்பட்டிருந்த பெண்களும் குற்றவாளிகளாக்கப்பட்டமையே. உரிமையை விரிக்காது தண்டனையை விரித்து எய்தப்பட்ட இச்சமத்துவம், சமத்துவம் என்ற சொல்லையும் விமரிசன நோக்கோடு அணுகவேண்டும் என்பதற்கு உதாரணமாகின்றது.

இப்பிரிவுகளை நீதிமன்றம் நீக்கிவிட முடியாதா என்ற வினா எழுதல் இயல்பே. இந்திய உயர் நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 இல் அந்நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 377 ஆம் பிரிவு மனமொத்த வயதுவந்தோருக்குப் பொருந்தாது எனத் தீர்ப்பளித்தது. இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பில் இதற்கு வழியில்லை. அதன் 12 ஆம் உறுப்புரை சமத்துவத்தை உறுதிசெய்கின்றது. 16 ஆம் உறுப்புரையோ, முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் செல்லுபடியாகும் என்கின்றது. 2014 இல் மனித உரிமைக் குழுவின் முன் தோன்றிய இலங்கை அரசின் பிரதிநிதிகள், 12 ஆம் உறுப்புரை பாலியல் நாட்டம், பால்நிலை அடையாளம் ஆகியவற்றின் காரணமான பாரபட்சத்திலிருந்தும் காப்பளிக்கின்றது எனக் கூறினர். 2016 இல் இலங்கை உயர் நீதிமன்றம், மனமொத்த வயதுவந்தோரின் உறவில் அரசு தலையிடலாகாது என்ற சமகாலச் சிந்தனையைக் குறிப்பிட்டும், அது சட்டப்படி குற்றமாகவே இருப்பதாற் குற்றத்தீர்ப்பினை நிலைநிறுத்தி, சிறைத்தண்டனையை மாத்திரம் ஒத்திவைத்தது. அதே ஆண்டில் திருநர் தமது பால்நிலைக்கு அங்கீகாரச் சான்றிதழ் பெற்று, பிறப்புப் பதிவினைத் திருத்துவதற்குச் சுற்றறிக்கை மூலம் வழிசெய்யப்பட்டது. ஒரு கை குற்றவாளி என எழுத, மறு கை சான்றிதழ் வழங்கும் இம்முரண்பாடே 2022 ஆம் ஆண்டுக் கருத்துரையின் பின்னணியாகும்.

4

இலங்கையில் ‘இக்குவல் கிரவுண்ட்’ என்னும் அமைப்பினை நிறுவியவரான றொசானா பிளேமர்-கல்டேரா, பெண்களுக்கெதிரான சகல வகைப் பாரபட்சங்களையும் ஒழித்தல் பற்றிய சமவாயத்தின்கீழ் 2018 இல் முறைப்பாடு செய்தார். இலங்கை அச்சமவாயத்தை 1981 இல் ஏற்றுக்கொண்டது. தனியாள் முறைப்பாட்டுக்கான மேலதிக உடன்படிக்கையிலும் 2002 இல் இணைந்தது. 2022 பெப்ரவரி 21 இற் குழு தனது கருத்துரையை வழங்கியது. பெண்கள் இருவரிடையேயான மனமொத்த உறவைக் குற்றமாக்குவதே மனித உரிமை மீறலாகும் என ஐக்கிய நாடுகள் குழுவொன்று தீர்மானித்தது அதுவே முதற்றடவை.

தஸ்மேனியக் கருத்துரையோடு இதனை ஒப்பிடின், சொற்களின் இடப்பெயர்ச்சி கண்கூடாகும். இங்குத் தனிவாழ்வு என்பது பலவற்றுள் ஒன்றாகிவிட்டது. பாரபட்சம், பால்நிலை சார்ந்த வன்முறை, மாறாத பால்நிலைக் கற்பிதங்கள் என்பனவே மையக் கருத்துகள். ஒரு செயலைத் தண்டிக்கும் சட்டம், அச்செயலோடு தொடர்புபடுத்தப்படும் மனிதர் அனைவரையும் இழிவுக்கும் துன்புறுத்தலுக்கும் ஆளாக்குகின்றது என்பது குழுவின் வாதத்தின் உயிர்நாடி. பெண்ணொருவர் வீட்டிலும் தெருவிலும் தாக்கப்பட்டபின் முறையிடச் செல்லுமிடத்தில் தாமே குற்றவாளியாக நிற்க நேரிடுமாயின், ஏனைய பாதுகாப்புச் சட்டங்கள் யாவும் அவருக்கு இல்லாதனவே.

இவற்றினும் முக்கியமானது, மீறப்பட்டனவாகக் குழு கண்ட உறுப்புரைகளுள் 7 ஆம் உறுப்புரையும் ஒன்றாக அமைந்தமை. அரச சார்பற்ற அமைப்புகளிற் பங்குபற்றும் உரிமை பற்றியது அது. அமைப்பொன்றினை நடாத்துவதும் பொதுவாழ்வில் இயங்குவதும் இச்சட்டத்தின் நிழலில் இடருக்குள்ளாகின்றன என்பதனை ஏற்றுக்கொண்டதன் மூலம், உரிமை அறையிலிருந்து பொதுவெளிக்குக் கொண்டுவரப்பட்டது. 1994 இன் கருத்துரை தனித்திருக்கும் மனிதரைக் கண்டது. 2022 இன் கருத்துரை சமூகத்தில் இயங்கும் மனிதரைக் காண்கின்றது. இதுவே இவ்விரண்டுக்குமிடைப்பட்ட இருபத்தெட்டு ஆண்டுகளின் சாதனை எனத் துணிந்து கூறலாம்.

எனினும் இப்பனுவலுக்கும் அதன் தாய்ச்சமவாயமே எல்லை வகுத்துள்ளது. பெண்களின் சமவாயமாதலின் அது பெண்களைப் பற்றியே பேச முடியும். குற்றநீக்கம் பற்றிய விதப்புரை பெண்களிடையேயான உறவினையே சுட்டுகின்றது. அதனைச் சொல்லுக்குச் சொல் நிறைவேற்றும் அரசொன்று, 1995 இன் திருத்தத்தை மாத்திரம் நீக்கி, ஆடவரை 1883 இன் சட்டத்தின்கீழ் விட்டுவிடவும் கூடும். இடைப்பாலினரின் நிலை இதனினும் பின்தங்கியது. குழந்தைப் பருவத்தில் அவர்தம் சம்மதமின்றிச் செய்யப்படும் அவசியமற்ற சத்திரசிகிச்சையே அவர்களது தலையாய முறைப்பாடு. தண்டனைச் சட்டப் பிரிவொன்றினை நீக்குவதால் அது தீர்வதில்லை. அவர்களை மையமாகக் கொண்ட முதற் தீர்மானத்தை மனித உரிமைகள் பேரவை 2024 ஏப்ரலிலேயே நிறைவேற்றியது. 24 நாடுகள் ஆதரித்தன, 23 நாடுகள் வாக்களியாதிருந்தன, எதிர்த்து எந்நாடும் வாக்களிக்கவில்லை. பல பிரிவினரை ஒரே தொடருள் அடக்கிக் கூறுவது இயக்கத்துக்கு வலிமை தரினும், அவர்களது தேவைகள் ஒரே தன்மையன அல்ல என்பதனை மீளாய்வு செய்வோர் மறந்துவிடலாகாது.

5

கருத்துரைகள் தாமாகவே சட்டமாவதில்லை. தஸ்மேனியாவிலும் உடனடி மாற்றம் நிகழவில்லை. மத்திய அரசு 1994 இல் தனிச்சட்டமொன்றை இயற்றிற்று. தஸ்மேனியா தயங்கவே விவகாரம் நாட்டின் அதியுயர் நீதிமன்றம் வரை சென்று, 1997 இலேயே அப்பிரிவுகள் நீக்கப்பட்டன. இலங்கையில், இப்பிரிவுகளைத் திருத்த முற்பட்ட தனியார் உறுப்பினர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று எனவும் சாதாரண பெரும்பான்மையால் நிறைவேற்றப்படலாம் எனவும் உயர் நீதிமன்றம் தீர்மானித்தமை 2023 மே மாதம் பாராளுமன்றத்துக்கு அறிவிக்கப்பட்டது. ஆயினும் 2024 செப்டம்பரிற் பாராளுமன்றம் கலைக்கப்படும்வரை அது நிறைவேறவில்லை. சிங்கப்பூர்ப் பாராளுமன்றமோ இதே குடியேற்றகாலச் சட்டத்தின் தனது வடிவத்தை 2022 நவம்பரில் வாக்கெடுப்பின் மூலம் நீக்கியது. ஆகவே தடையாயிருப்பது சட்டநுட்பமன்று, அரசியல் மனவுறுதியின்மையே.

இவ்விடத்தில் தமிழ் வாசகர் சிந்திக்கவேண்டிய விடயமொன்றுண்டு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ், ஒப்புதல் வாக்குமூலமொன்றின் அடிப்படையிற் தண்டிக்கப்பட்ட சிங்கராசா என்னும் தமிழரின் முறைப்பாட்டில், அவரது உரிமைகள் மீறப்பட்டன என மனித உரிமைக் குழு 2004 இற் கருத்துரை வழங்கியது. 2006 இல் இலங்கை உயர் நீதிமன்றம், தனியாள் முறைப்பாட்டுக்கான உடன்படிக்கையில் 1997 இல் இணைந்தமையே அரசியலமைப்புக்கு ஒவ்வாதது எனக் கூறி, அக்கருத்துரைக்கு நாட்டினுள்ளே பயனில்லை எனத் தீர்த்தது. டூனன் நாடியதும் சிங்கராசா நாடியதும் ஒரே குழுவே. ஒருவருக்கு அது வழங்கிய நியாயத்தைச் சர்வதேச நீதி எனப் போற்றி, மற்றவருக்கு வழங்கியதை அந்நியர் திணிப்பு எனத் தள்ளுவது நேர்மையான நிலைப்பாடாகாது. ஜெனீவாவின் கதவைத் தம் உரிமைக்காகத் தட்டும் சமூகமொன்று, தன்னுள்ளே வாழும் சிறுபான்மையினர் அதே கதவைத் தட்டும்போது பண்பாட்டின் பெயரால் முகந்திருப்புமாயின், அது உரிமையை அன்றிச் சலுகையையே கோருவதாகும்.

அந்நியத் திணிப்பு என்ற வாதமும் வரலாற்றின் முன் நிலைபெறாது. திணிக்கப்பட்டது 1883 ஆம் ஆண்டுச் சட்டமே. பாலியல் நாட்டம், பால்நிலை அடையாளம் பற்றி மனித உரிமைகள் பேரவை 2011 இல் நிறைவேற்றிய முதற் தீர்மானத்தை முன்வைத்தது தென்னாபிரிக்கா. உரிமைச் சட்டங்கள் இவ்விடயத்தில் எவ்வாறு பொருள்கொள்ளப்படவேண்டும் என வகுத்துரைக்கும் கோட்பாடுகள், 2006 இல் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நகரிற் கூடிய நிபுணர்களால் ஆக்கப்பட்டு அந்நகரின் பெயரையே பூண்டுள்ளன.

தொகுத்து நோக்குமிடத்து, 1994 இன் கருத்துரை அரசினை வாசலில் நிறுத்தியது. 2022 இன் கருத்துரை மனிதரை வாசலுக்கு வெளியே வரச்செய்தது. இரண்டும் வேறு சொற்களின் நிழலிலேயே நின்று பேசின. தத்தம் பெயரோடு, தத்தம் தேவையோடு, முழுமையாகக் கணிக்கப்படும் நிலை இன்னும் எய்தப்படவில்லை. அதனை எய்துவிக்கும் பொறுப்பு ஜெனீவாவில் அமரும் நிபுணர்களுக்கு மாத்திரம் உரியதன்று. 1995 இல் ஒரு சொல்லை நீக்கித் தண்டனையை விரித்தது இந்நாட்டுச் சட்டமன்றமே. அதனிலும் மேலான திருத்தமொன்றைச் செய்யும் ஆற்றலும் அதற்கே உண்டு. அவ்வாறு செய்யுமாறு கேட்பது, உரிமை என்ற சொல்லைத் தம் பொருட்டு உச்சரிக்கும் அனைவரதும் கடமையாகும்.